மைக்கூடு இருந்த இடம்

‘ஆலிவர் ட்விஸ்ட்’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கஞ்சிக் கிண்ணம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று பையன் கேட்கும் அந்தக் காட்சி இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. அதையடுத்த மூன்றாம் அத்தியாயத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். என் பார்வையில், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதியவற்றில் சட்டம் படிப்பவர்களும் வரலாறு படிப்பவர்களும் நின்று நிதானமாக வாசிக்க வேண்டிய பக்கங்கள் அவைதான்.

கேட்கக் கூடாததைக் கேட்ட பையனை ஏழைகள் விடுதியிலிருந்து எப்படியாவது வெளியே தள்ள வேண்டும். அவனைக் கொண்டுபோகிறவருக்கு ஐந்து பவுண்டு தருவதாக வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். கழுதையோடு அந்த வழியே வருகிறான் காம்ஃபீல்டு. புகைபோக்கி சுத்தம் செய்பவன். வாடகை பாக்கி ஐந்து பவுண்டு இருக்கிறது, கையில் காசில்லை. உள்ளே போய்ப் பேரம் பேசுகிறான். அசிங்கமான தொழிலாயிற்றே என்று நிர்வாகக் குழு தொகையைக் குறைக்கிறது. அவன் நான்கு கேட்கிறான். கடைசியில் மூன்று பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு, அதாவது மூன்றரைப் பவுண்டுக்கு, பேச்சு முடிகிறது.

வேலைக்கு ஆள் எடுப்பவனுக்கு, ஆளைக் கொடுப்பவர்கள் ஏன் காசும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்? இது டிக்கன்ஸின் கற்பனையில்லை. இங்கிலாந்தில் 1601 முதல் ஏழைகளைப் பராமரிப்பது பாரிஷின் பொறுப்பு. நம் ஊரில் ‘பங்கு’ என்றால் கோயிலைச் சேர்ந்த சபை மட்டும்தான் மனத்தில் வரும். அங்கே பாரிஷ் என்பது கோயில் எல்லையாகவும் வரி வசூலிக்கும் எல்லையாகவும் ஒன்றாக இருந்தது. இந்தக் காலத்து நாவல்களைத் தமிழில் கொண்டுவருபவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது இந்தச் சொல்லில்தான். ‘தேவாலயம்’ என்று எழுதிவிட்டால், பையனை விற்கும் கணக்கு புரியாமலே போய்விடும். எந்த ஏழை எந்தப் பாரிஷுக்கு உரியவர் என்பதை 1662ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தொழில் பழகும் பையன் ஒரு பாரிஷில் 40 நாள் தங்கினால் அவன் அந்தப் பாரிஷுக்கு உரியவன் ஆகிவிடுவான் என்று 1691இல் இன்னொரு சட்டம் வந்தது. அப்புறம் என்ன, பக்கத்துப் பாரிஷில் இருக்கும் முதலாளியிடம் பையனைக் கட்டிவிட்டால் 40 நாளில் அவன் வாழ்நாள் செலவு முழுவதும் அவர்கள் தலையில். அதற்கு மூன்றரைப் பவுண்டு மலிவு. அனாதைப் பிள்ளைகள் ஊர் ஊராக இப்படித் தள்ளிவிடப்பட்டதில் கொடியவர்களின் பங்கைவிடக் கணக்கப்பிள்ளைகளின் பங்கு பெரிது.

பேரம் முடிந்தால் போதாது, ஒப்பந்தத்தில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும். 1834ஆம் ஆண்டுப் புகைபோக்கிச் சட்டம் இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. பையன் இந்த வேலைக்கு மனமுவந்து வருகிறானா என்பதை மாஜிஸ்திரேட் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்கன்ஸ் இந்த நாவலைத் தொடராக எழுதத் தொடங்கியது 1837 பிப்ரவரியில். வாசகர்களுக்குச் சட்டம் புதிது, சூடு ஆறாதது. பாரிஷ் ஊழியன் பம்பிள் போகும் வழியெல்லாம் ஆலிவரிடம் சொல்லிக்கொண்டே போகிறான்: முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள், பிடித்திருக்கிறது என்று சொல். மாஜிஸ்திரேட், பையனுக்கு இந்தத் தொழிலில் ஆசைதானே என்று கேட்கிறார். பதில் சொல்வது பம்பிள்: உயிரையே விடுகிறான் ஐயா! கேள்வி பையனைப் பற்றியது, பதில் அவனை விற்கிறவனுடையது. அங்கே இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். வயதை ஒருவரும் கேட்பதில்லை. ஆலிவர் விடுதிக்குள் வந்தது ஒன்பதாவது பிறந்தநாளில். அதற்குப் பிறகு ஓடியவை சில மாதங்களே. பத்து வயது ஆகாத பையனை இந்தத் தொழிலில் சேர்க்க 1834 சட்டத்தில் இடமில்லை. நாவலில் இதை ஒருவரும் சொல்வதில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் அந்த அறையைப் பார்க்க வேண்டும்.

பையன் தப்பிப்பது எப்படி? மாஜிஸ்திரேட் கிழவருக்குக் கண் பாதி தெரியவில்லை. கையெழுத்துப் போட மைக்கூட்டைத் தேடுகிறார். அது அவர் மூக்குக்குக் கீழேயே இருக்கிறது. வேறெங்கோ தேடிய பார்வை தற்செயலாக ஆலிவர் முகத்தில் விழுகிறது. பயத்தில் வெளுத்திருந்த முகம். அப்போதுதான் அவர் பேனாவைக் கீழே வைக்கிறார். மைக்கூடு அவர் நினைத்த இடத்தில் இருந்திருந்தால் நேராகத் தோய்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார், பையன் போயிருப்பான் என்று டிக்கன்ஸே எழுதிவிடுகிறார். சட்டம் கட்டிவைத்த பாதுகாப்பு முழுவதும் ஒரு மைக்கூடு இருந்த இடத்தைப் பொறுத்ததாகிவிட்டது. பாராளுமன்ற விவாதங்களை எத்தனை பக்கம் படித்தாலும் இது இப்படி உறைக்காது.

ஆலிவர் தப்பித்தது எதிலிருந்து என்பதை நாவல் முழுதாகக் காட்டவில்லை. தெரிந்துகொள்வது அவசியம்.

கூரைக்கு மேல் தெரிவது புகைபோக்கி. அடுப்பிலிருந்து சுவருக்குள்ளேயே ஏறிப் போகும் பாதை புகைக்குழல். விறகு எரித்த காலத்தில் புகைக்குழல்கள் அகலமாக இருந்தன. நிலக்கரிக்கு அது ஒத்துவராது. குழல் ஒடுக்கமாக இருந்தால்தான் காற்று நன்றாக இழுத்து நெருப்பு சீராக எரியும். 1666 தீவிபத்துக்குப் பிறகு லண்டன் மறுபடி எழுந்தபோது வீடுகள் பல மாடிகளாயின. அறைக்கு ஒரு கணப்பு வைத்தார்கள். அத்தனை கணப்புகளின் குழல்களும் ஒரே சுவருக்குள் வளைந்தும் சாய்ந்தும், சில இடங்களில் படுக்கைவாட்டிலும் போய்க் கூரையில் சேர்ந்தன. பரவலாக இருந்த அளவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். 9க்கு 9 அங்குலக் குழல்களும் உண்டு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துப் பார்த்தால் அளவு பிடிபடும். நிலக்கரியின் புகைக்கரியோ பிசுபிசுப்பாக ஒட்டும். சேரச் சேரத் தீப்பற்றும். எனவே அடிக்கடி சுரண்டியாக வேண்டும். வளைவில் நீளக் கம்புத் துடைப்பம் நுழையாது, பையன் நுழைவான்.

ஏறும் முறைக்கு ஒரு கணக்கு உண்டு. துணித் தொப்பியைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொள்வான், கண்ணிலும் வாயிலும் கரி விழாமலிருக்க. ஒரு கை தலைக்கு மேலே துடைப்பத்தோடு இருக்கும், மறு கை விலாவோடு ஒட்டியிருக்கும். முழங்காலையும் முழங்கையையும் முதுகையும் செங்கல்லில் மாற்றி மாற்றி அழுத்தி, கம்பளிப்பூச்சி போகிறதுபோல உடம்பைச் சுருக்கி நீட்டி மேலே போவான். துடைப்பத்துக்கு வராத கரியைச் சுரண்டியால் பெயர்ப்பான். பெயர்ந்ததெல்லாம் அவன் தலைமேல் கொட்டி அடுப்பில் விழும். மிக ஒடுக்கமான குழலாக இருந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். துணி சுருண்டு மாட்டிக்கொள்ளும்.

ஆபத்து பெரும்பாலும் இறங்கும்போது. கால் வழுக்கினால் உடம்பு சரிந்து முழங்கால் மோவாய்க்கு ஏறி, அப்படியே ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். திமிறத் திமிற இன்னும் இறுகும். இன்னொரு ஆபத்து வளைவில். மேலிருந்து பெயர்ந்த கரி வளைவில் குவிந்து கிடக்கும். அதற்குள் காலை வைத்தால் கரி சரிந்து மூச்சை அடைத்துவிடும். சில சமயம் இன்னொரு பையனை அனுப்பிக் காலில் கயிறு கட்டி இழுப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் சுவரை உடைக்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் சம்மதித்து, கொத்தனார் வந்து, எந்த இடத்தில் உடைப்பது என்று தீர்மானிப்பதற்குள் பல பையன்களுக்கு மூச்சு நின்றுவிடும்.

இதை வைத்துக்கொண்டு காம்ஃபீல்டு பேசுவதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். புகைக்குழலில் பையன்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறார்களே என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். ஈர வைக்கோலைக் கொளுத்துவதால் வரும் வினை அது, என்கிறான் அவன். ஈர வைக்கோல் புகையத்தான் செய்யும், புகையில் பையன் தூங்கிவிடுவான். நன்றாக எரிகிற நெருப்பு வைத்தால் பாதம் சுடும், ஓட்டமாக இறங்கிவருவான், இது மனிதாபிமானமும்கூட என்கிறான். தொழில் தெரிந்தவன் தொழில்நுட்பம் பேசும் தொனி. குழுவில் ஒருவருக்குச் சிரிப்புகூட வருகிறது. கொடுமைக்காரனைக் கொடூரமாகச் சித்தரிப்பது எளிது. அவன் நியாயமாக நினைப்பதை அவன் வாயாலேயே, அவன் தொழிலின் சொற்களிலேயே சொல்லவைத்ததுதான் இங்கே டிக்கன்ஸின் பலம்.

தோலைப் பழக்குவதற்கும் ஒரு முறை இருந்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய விசாரணைக் குழுவிடம் நாட்டிங்காம் நகரத்து முதலாளி ஒருவர் அளித்த வாக்குமூலம் 1863 அறிக்கையில் இருக்கிறது. பன்றி இறைச்சிக் கடையில் கிடைக்கும் கடுமையான உப்புநீரை, எரியும் நெருப்புக்குப் பக்கத்தில் பையனை நிறுத்தி, முழங்கையிலும் முழங்காலிலும் தேய்க்க வேண்டும். பிரம்போடு பக்கத்தில் நிற்க வேண்டும், அல்லது அரைப் பென்னி தருகிறேன் என்று ஆசைகாட்ட வேண்டும். முதலில் வேலை முடிந்து வரும்போது கை கால் எல்லாம் ரத்தம் வழியும். அதன்மேல் மறுபடி உப்புநீர். கற்றுக்கொடுக்க நல்ல வயது ஆறு என்பதும் அவர் சொன்னதுதான்.  

இரவில் பையன்கள் போர்த்திப் படுத்தது கரி மூட்டையை. கரிக்கு விலை இருந்தது, விவசாயிகள் உரமாக வாங்கினார்கள். அதனால் மூட்டை வீட்டுக்குள் வரும், பையனுக்கு அதுவே படுக்கை. குளியல் எப்போதாவது. 1775இல், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு விதைப்பையில் வரும் ஒரு புற்றுநோயை விவரித்தார். தோல் மடிப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் கரிதான் காரணம் என்றார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதன்முதலாகக் காட்டியது இதுவே. நோய் தெரிவது பெரும்பாலும் பையன் ஆளான பிறகு, புகைக்குழலை விட்டே போன பிறகு. அதனால் எந்த முதலாளியும் எந்த வீட்டுக்காரரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி மதம். ஜோனஸ் ஹான்வே என்ற வணிகர் இந்தப் பையன்களுக்காக ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தார். அவர் 1786இல் இறந்தார், அவருடைய முயற்சிக்குப் பலனாக 1788இல் முதல் சட்டம் வந்தது. எட்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது, ஒரு முதலாளிக்கு ஆறு பையன்களுக்கு மேல் கூடாது. ஒப்பந்தப் படிவத்தில் இரண்டு வரிகள் என்னை நிறுத்தின. வாரத்துக்கு ஒரு முறையாவது பையனை நன்றாகக் குளிப்பாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும் மறைக்கல்விக்கும் அவனை அனுப்ப வேண்டும்.

75 ஆண்டுகள் கழித்து, 1863இல், ‘தி வாட்டர் பேபீஸ்’ புத்தகமாக வந்தது. எழுதிய சார்லஸ் கிங்ஸ்லி ஆங்கிலிக்கன் குருவானவர், கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியராகவும் இருந்தவர். கதையின் தொடக்கத்திலேயே டாம் என்ற பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்: அவன் குளித்ததில்லை, அவன் இருந்த சந்தில் தண்ணீரே இல்லை. கடவுள் பெயரை அவன் கேட்டதெல்லாம் வசவுகளில்தான். பெரிய மாளிகை ஒன்றின் புகைக்குழல்களுக்குள் வழிதவறி, ஒரு சிறுமியின் படுக்கையறைக் கணப்பில் இறங்குகிறான். சுவரில் ஒரு படம். சிலுவையில் ஒருவரை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். பாவம், இவர் யாரோ அந்தச் சிறுமியின் உறவுக்காரர் போலிருக்கிறது, காட்டுமிராண்டிகள் கொன்றுவிட்டார்கள், என்று டாம் நினைத்துக்கொள்கிறான். அடுத்து ஒரு கண்ணாடியில் கன்னங்கரேலென்று ஓர் உருவத்தைப் பார்த்து மிரள்கிறான். அது அவனேதான்.

1788 ஒப்பந்தத்தின் அந்த இரண்டு வரிகளையும் இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். குளிப்பாட்ட வேண்டும் என்றது சட்டம், அவன் தன் நிறத்தையே அறிந்ததில்லை. ஞாயிறு வழிபாடு என்றது சட்டம், கிறிஸ்தவ நாட்டுப் பிள்ளைக்குச் சிலுவையில் இருப்பவர் யாரென்று தெரியவில்லை. கிங்ஸ்லி அந்தப் படிவத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரு குருவானவர் தன் சபை தவறவிட்ட கடமையை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது.

அந்தக் கூர்மை கதை முழுவதும் நிற்கவில்லை என்பதுதான் வருத்தம். துரத்தப்பட்ட டாம், குளித்துச் சுத்தமாக வேண்டும் என்ற தவிப்போடு ஓடையில் இறங்குகிறான். மூழ்கிப்போகிறான். நீர்க்குழந்தையாகிறான். இங்கே நீர் ஞானஸ்நானத்தின் நீர். சுத்தமாக விரும்புகிறவர்கள் சுத்தமாவார்கள் என்ற பேச்சு கதையில் திரும்பத் திரும்ப வருகிறது. சந்தில் தண்ணீர் இல்லை என்று முதலில் எழுதியவரும் இவரேதான். குழாய் போட வேண்டிய இடத்தில் விருப்பத்தைப் போட்டால், அழுக்கு பையனின் குற்றமாகிவிடுகிறது. கதையின் கடைசிப் பகுதியில் முதலாளி கிரைம்ஸ் 345ஆம் எண் புகைபோக்கியின் உச்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். தாயை நினைத்து அழுகிறான். கண்ணீர் பட்டுக் கரி கரைகிறது, சுண்ணாம்பு கரைகிறது, செங்கல் உதிர்கிறது, விடுபடுகிறான். குருவானவரின் தீர்வு மனந்திரும்புதல். அழகான காட்சிதான். அதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டிக்கன்ஸ் மதத்தை வேறு கோணத்திலிருந்து பார்க்கிறார். உனக்குச் சோறு போடுகிறவர்களுக்காக ஒரு கிறிஸ்தவனைப்போல் தினமும் ஜெபிக்கிறாயா என்று குழுவில் ஒருவர் ஆலிவரைக் கேட்கிறார். பையன் ஆமாம் என்று திக்குகிறான். அவனுக்கு ஜெபிக்கவே யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கஞ்சி கேட்ட பிறகு அவனைத் தனி அறையில் அடைக்கிறார்கள். மாலை ஜெப நேரத்தில் வெளியே இழுத்துவருகிறார்கள். ஆலிவர் ட்விஸ்டின் பாவங்களிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று மற்றப் பிள்ளைகள் வேண்டுவதை அவன் நின்று கேட்க வேண்டும். மதம் அங்கே தண்டனையின் ஒரு பகுதி. வில்லியம் பிளேக் இவர்கள் இருவருக்கும் முன்னோடி. 1789இல் எழுதிய கவிதையில் கரிய சவப்பெட்டிகளுக்குள் கிடக்கும் பையன்களை ஒரு தேவதை வந்து திறந்துவிடுகிறது. 1794இல் அதே தலைப்பில் எழுதிய கவிதையில் தேவதை இல்லை. பனியில் ஒரு பையன் நிற்கிறான், பெற்றோர் கோயிலுக்கு ஜெபிக்கப் போயிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரே கவிஞர் அந்த ஆறுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்.

குருமார்களில் நேர்மையானவர்களுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. சிட்னி ஸ்மித் 1819இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பையன்கள் படும் பாட்டை அங்கம் அங்கமாக விவரித்தார். படிக்கும்போதே நெஞ்சு அடைக்கும். அப்படியும், பழைய வீடுகளில் வேறு வழியில்லையே, தீ பிடித்தால் என்ன செய்வது, தடைச் சட்டம் இப்போது வேண்டாம் என்றுதான் முடித்தார்.

வேறு வழி இருந்தது. ஸ்காட்லாந்தில் கூரையின் மேல் ஏறி, கயிற்றில் ஈயக் குண்டும் துடைப்பமும் கட்டிப் புகைக்குழலுக்குள் இறக்கிச் சுத்தம் செய்தார்கள். இங்கிலாந்தில் ஏறுபையன்களுக்கு மாற்று காண 1803இல் ஒரு சங்கம் அமைந்து பரிசு அறிவித்தது. ஜார்ஜ் ஸ்மார்ட் ஒரு கருவி செய்தார். ஒன்றோடொன்று சொருகும் குழாய்க் கம்புகள், உள்ளே ஓடும் கயிறு, நுனியில் குடைபோல விரியும் துடைப்பம். 1828இல் ஜோசப் கிளாஸ் அதையே வளையும் பிரம்புகளால் மேம்படுத்தினார். இன்று புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் கையில் இருப்பது அதன் வாரிசு. கருவி தோற்ற இடம் ஒன்றே: செங்கோணமாகத் திரும்பும் வளைவு. அங்கே சுவரில் ஒரு சிறு கதவு வைத்தால் போதும், அல்லது மூலையை உருட்டிக் கட்டினால் போதும். செலவு வீட்டுக்காரருடையது. பையனின் செலவோ வேறு யாருடையதோ. அதனால் மூலைகள் அப்படியே இருந்தன. கரி கொட்டிக் கம்பளம் கெட்டுவிடும் என்று சொன்ன வீடுகளும் இருந்தன.

சட்டங்கள் தோற்றதைப் படிப்பதுதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு இடத்தில் தோற்றது. 1788 மசோதாவில் முதலாளிகள் உரிமம் பெற வேண்டும் என்ற பிரிவு இருந்தது. பிரபுக்கள் சபை அதை நீக்கிவிட்டது. உரிமம் இல்லையென்றால் யார் முதலாளி, எங்கே இருக்கிறான், எத்தனை பையன்கள் என்பதே யாருக்கும் தெரியாது. 1819இல் கீழவை நிறைவேற்றிய தடை மசோதாவையும் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. 1834இல் பையனின் சம்மதத்தைக் கேட்கச் சொன்னார்கள், அது மைக்கூட்டில் முடிந்ததைப் பார்த்தோம்.

1840 சட்டம் தாளில் பலமானது. 1842 ஜூலை 1 முதல் 21 வயதுக்குக் கீழே யாரும் புகைக்குழலில் ஏறக் கூடாது, 16 வயதுக்குள் தொழிலில் சேர்க்கக் கூடாது. அபராதம் ஐந்து முதல் பத்து பவுண்டு. ஏறவைப்பவருக்கு மட்டுமில்லை, தெரிந்தே அனுமதிப்பவருக்கும் அபராதம். இந்தக் கடைசிச் சொல்தான் சட்டத்தின் காலை வாரியது. பையன் ஏறுவது சுவருக்குள்ளே, மூடிய வீட்டுக்குள்ளே. சாட்சி சொல்லக்கூடியவர்கள் மூன்றே பேர்: முதலாளி, பையன், வீட்டுக்காரர். வீட்டுக்காரர் சாட்சி சொன்னால் அவரே குற்றவாளி. வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டின் மாளிகையிலும் அதே வளைந்த குழல்கள். லண்டனில் ஓரளவு நடைமுறைக்கு வந்தது, வெளியூர்களில் பழைய வழக்கமே தொடர்ந்தது.

ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த 1864 சட்டத்தில் ஒரு நல்ல சட்ட மூளை தெரிகிறது. குற்றம் நடக்கும் இடத்தைப் புகைக்குழலிலிருந்து வீட்டு வாசலுக்கு மாற்றினார்கள். சுத்தம் செய்யப் போகும்போது 16 வயதுக்குட்பட்ட பையனை வீட்டுக்குள் கூட்டிப்போனாலே குற்றம், ஏறினானா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கடுங்காவல் சிறையும் உண்டு. ‘தி வாட்டர் பேபீஸ்’ வந்த மறு ஆண்டே இந்தச் சட்டம் வந்ததால், நாவல்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது அவசரமான முடிவு. விசாரணைக் குழுவின் அறிக்கை 1863இலேயே வந்துவிட்டது, ஷாஃப்ட்ஸ்பரி அதற்கும் முன்னாலிருந்தே இதற்காகப் போராடி வந்தவர். தவிர, 1864 சட்டமும் பையன்களைக் காப்பாற்றவில்லை. வாசலில் நின்று பார்க்க வேண்டியது யார் என்று அதிலும் எழுதவில்லை.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைக்குழல்களைச் சுத்தம் செய்ய ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவனை ஏற்றினார்கள். உள்ளே மாட்டிக்கொண்டான். இங்கே கண்ணீரில் சுவர் கரையவில்லை. இடித்துத்தான் அவனை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் இறந்துபோனான். முதலாளிக்கு மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஆறு மாதக் கடுங்காவல்.

ஷாஃப்ட்ஸ்பரி அதே ஆண்டில் இன்னொரு மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஒவ்வொரு முதலாளியும் ஆண்டுதோறும் காவல்துறைத் தலைவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், முந்தைய சட்டங்களை அமலாக்குவது இனிப் போலீஸின் கடமை, குற்றம் நிரூபணமானால் சான்றிதழை இழக்க நேரிடும். தெருவில் போகும் ஒரு கான்ஸ்டபிள், கம்பும் துடைப்பமுமாகப் போகிறவனை நிறுத்திக் காகிதத்தைக் காட்டச் சொல்லலாம். 1788இல் பிரபுக்கள் சபை வெட்டியெறிந்த உரிமப் பிரிவு இதுதான். திரும்பி வர 87 ஆண்டுகள் ஆயின.